ஆழம் இருபத்திரண்டு

மே 9, கரூர்

இரண்டு கட்டில், ஒரு ஃபேன், ஒரே ஒரு பிளக். நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ரெக்சலின் பிளக் இருக்கும் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பார்த்துத்தான் உட்கார்ந்தாள். எனக்குக் கிடைத்தது ஜன்னல். திறந்தால் பஸ் ஸ்டாண்டின் பின்பக்க நாற்றம், மூடினால் புழுக்கம்.

தூத்துக்குடியிலிருந்து ஒரே பஸ்ஸில் அடுத்தடுத்த இருக்கையில் வந்தோம். வழி முழுக்க அவள் என்னிடம் பேசியது இரண்டு வாக்கியம். "ஏட்டி வடிவு, அந்தத் தண்ணி பாட்டில எடு." "ஏட்டி, எறங்கணும்." நான் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. கணக்கில் நான்தான் முன்னிலை.

இருவரும் ஒரே செஸ் அகாடமியில் பயிற்சியாளர்கள். இருவருக்கும் பெண்கள் சர்வதேச மாஸ்டர் பட்டத்துக்கு இன்னும் ஒரு நார்ம் பாக்கி. அதாவது, ஒரு பெரிய போட்டியில் குறிப்பிட்ட தரத்துக்கு ஆடிக் காட்ட வேண்டும். மூன்று முறை காட்டினால் பட்டம். எனக்கு இரண்டாவது வந்து ஆறு வருடம் ஆகிறது. அவளுக்கு நாலு வருடம். இந்தப் போட்டியில் ஒன்பது சுற்று. ஆறரைப் புள்ளி எடுத்தால் மூன்றாவதும் வந்துவிடும்.

அகாடமி செயலர் ஆறுமுகநயினார் சார் கிளம்பும்போது இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துச் சொன்னார்: "ஜூன் ஒண்ணுல இருந்து தலைமைப் பயிற்சியாளர்னு ஒருத்தர் வேணும். பட்டம் வாங்கிட்டு வாரவுகளுக்குத்தான். ரெண்டு பேரும் வாங்கிட்டு வந்தா சீட்டுப் போட்டுக்கிடலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரே அறை போட்டதும் அவர்தான்.

போட்டி நாட்களில் டைரி எழுதினால் எனக்குத் தலை லேசாகிறது. வெளியே சொல்ல முடியாத ஆத்திரத்தை எல்லாம் காகிதத்தில் கொட்டிவிட்டு ஆடப் போகலாம். இந்த முறை நிறைய எழுதுவேன் என்று தோன்றுகிறது.

மே 10, முதல் சுற்று

எங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதாவிட்டால் இன்று தூக்கம் வராது.

கல்லூரி அணியில் ஒன்றாக ஆடிய காலத்தில் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய மினி லேப்டாப். அப்போது நாங்கள் ஒரே தட்டில் சாப்பிடுவோம், அந்தப் பைத்தியக்காரத்தனத்தில் வாங்கியது. பதினோரு அங்குலத் திரை, ஒரு கிலோ எடை. கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எட்டு மணி நேரம் ஓடும். உள்ளே விசிறி கிடையாது, அதனால் சத்தமே வராது. விற்றவன் சொன்ன நல்லது எல்லாம் உண்மை.

அவன் சொல்லாமல் விட்டதைத்தான் நாங்கள் இத்தனை வருடமாக அனுபவிக்கிறோம். மெமரி இரண்டு ஜிபி. மதர்போர்டோடு சேர்த்து ஒட்டிவிட்டதால் கூட்ட முடியாது. கோப்புகள் வைக்க முப்பத்திரண்டு ஜிபி, அதிலும் பாதியைக் கம்ப்யூட்டர் தன் சொந்தச் சாமான்களுக்கு எடுத்துக்கொள்கிறது. அணைத்துவிட்டுத் திறந்தால் ஒன்பது நிமிடம். அதனால் நாங்கள் அணைப்பதே இல்லை, மூடியை மட்டும் மூடுவோம். விசிறி இல்லாததால் பத்து நிமிடத்தில் சூடாகும். சூடானதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினால் இன்னும் பாதி.

செஸ் கணக்குப் போடும் மென்பொருளை என்ஜின் என்போம். ஒரு நிலையைக் கொடுத்தால், எத்தனை நகர்வு ஆழத்துக்குப் பார்த்தது, யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எண்ணில் சொல்லும். மற்றவர்கள் கொண்டுவரும் கம்ப்யூட்டர்கள் ஒரு டீ குடிப்பதற்குள் ஆழம் நாற்பதைத் தொடுகின்றன. எங்களுடையது நாற்பது நிமிடம் மூச்சு வாங்கி இருபத்திரண்டில் நிற்கும். புது என்ஜின் இதன் பழைய சிப்பில் ஓடாது. நாங்கள் வைத்திருப்பது பல வருடப் பழசு. ஈரத்துண்டின்மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து ஓட்டினால் இரண்டு ஆழம் கூடக் கிடைக்கும். இது ரெக்சி கண்டுபிடித்த வித்தை. அதற்காக அவளுக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம், வேறு எதற்கும் வேண்டாம்.

ஒப்பந்தம்: காலை ஏழு முதல் பத்து வரை அவள், பத்து முதல் ஒன்று வரை நான், இரண்டரைக்குச் சுற்று. அவரவர் கோப்பை மூடிவிட்டுத்தான் கை மாற்ற வேண்டும். இன்று பத்து மணிக்கு என் கைக்கு வந்தபோது நூறு சதவீதம் சார்ஜ். அதாவது, மூன்று மணி நேரமும் பிளக்கில் போட்டே ஓட்டியிருக்கிறாள். துண்டையும் புதிதாக நனைத்து வைத்திருந்தாள். சுத்தக்காரி என்று காட்டிக்கொள்ள வேண்டுமாம்.

ஜெயித்தேன். எதிரி பதினோரு வயதுப் பெண், தோற்றதும் அழுதாள்.

மே 11, இரண்டாம் சுற்று

ஜெயித்தேன். அவளும் ஜெயித்துத் தொலைத்தாள்.

மே 12, மூன்றாம் சுற்று

மதியம் என் ஆய்வைச் சேமிக்கப் போனால் "இடம் இல்லை" என்றது. ஒரு எழுத்து சேமிக்கவும் இடமில்லை. சுற்றுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான். ரெக்சி குளிக்கப் போயிருந்தாள்.

அவள் பகுதியில் "பழசு" என்று ஒரு கோப்புறை இருந்தது. பெயரே பழசு. பழசாக இருந்தால் தேவையில்லாதது என்றுதானே அர்த்தம். அழித்தேன். இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் குப்பைத்தொட்டி வசதியை எப்போதோ எடுத்துவிட்டோம், எனவே அழித்தால் அழித்ததுதான். அவள் வெளியே வந்து தலை துவட்டும்போது சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பினாள். சொல்லவில்லை.

ஜெயித்தேன். மூன்றுக்கு மூன்று. அவளும்.

மே 13, நான்காம் சுற்று

டிரா. சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் புளித்திருந்தது. ரெக்சிக்கு வயிறு சரியில்லை, மோர்சாதம் மட்டும் சாப்பிடுகிறாள். ஆனாலும் ஜெயித்துவிட்டாள். வயிறு சரியில்லாதவள் மாதிரியா ஆடுகிறாள்?

மே 14, ஐந்தாம் சுற்று

நான் ஜெயித்தேன். அவள் தோற்றாள். இருபத்தெட்டாவது நகர்வில் ஒரு யானையை விட்டுக்கொடுத்து, கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நாலு மேசை தள்ளி இருந்தேன், நன்றாகத் தெரிந்தது.

அறைக்கு வந்ததும் கேட்டாள்.

"வடிவு, என் பக்கத்துல 'பழசு'ன்னு ஒண்ணு இருந்துச்சு. பாத்தியா?"

"இல்லயே."

"அதுலதான் நான் காலேஜ்ல இருந்து குறிச்சு வச்சதெல்லாம் கெடந்துச்சு. இன்னைக்கி ஆடுன லைனும் அதுல உண்டு. காலையில தேடுதேன், காணல."

"நான் என்னத்தக் கண்டேன். அந்த டப்பாவே எதையாவது முழுங்கியிருக்கும்."

நான் சொன்னது பொய் இல்லை. பார்த்தாயா என்று கேட்டாள். நான் திறந்தே பார்க்கவில்லை, திறக்காமல்தான் அழித்தேன். அவள் தோற்றது மோசமாக ஆடியதால். இத்தனை வருடமாக ஆடுகிறவளுக்குத் தலையில் இருக்க வேண்டாமா?

என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆட்டுக் கண். எந்த உணர்ச்சியும் தெரியாது.

மே 15, ஆறாம் சுற்று

புது நாடகம். காலை ஏழு மணிக்கு அவள் லேப்டாப்பை எடுக்கவில்லை. சின்னக் காந்தப் பலகையையும் ஒரு கட்டுத் தாளையும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு தாளில் எழுதுவாள், பார்ப்பாள், நாலாகக் கிழிப்பாள். ஒன்பதரைக்கு மேல்தான் லேப்டாப்பைத் திறந்தாள். அரை மணி நேரம் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தாள்.

"ஏன், கோச்சுக்கிட்டியா மிஷின்கிட்ட?" என்றேன்.

"ஆளு இருக்க எடத்துல எதையும் போட்டு வைக்கக் கூடாதுன்னு இருக்கேன்."

சென்னைப் பெண் யாரிடமோ பெரிய கம்ப்யூட்டர் கடன் வாங்கியிருப்பாள், வேறென்ன. அதைக் காட்டாமல் இருக்கத்தான் இந்தத் தாள் கிழிப்பு. நான் யோசித்து யோசித்து ஆட்டத்தில் கவனம் போய்த் தோற்றேன். இதுவும் அவளால்தான்.

மே 16, ஏழாம் சுற்று

டிரா. எனக்கு ஐந்து. அவளுக்கு ஐந்தரை. நாற்பத்தோரு டிகிரி. லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல். ஆழம் பதினெட்டுக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் யாரோடு போட்டி போடுவது? எதிரில் உட்காரும் ஒவ்வொருத்திக்கும் வீட்டில் நாற்பது ஆழம் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. நான் மட்டும் பகல் கொள்ளைக்காரன் விற்ற இந்தப் பொம்மையைத் தட்டின்மேல் வைத்து விசிறிக்கொண்டிருக்கிறேன்.

மே 17, எட்டாம் சுற்று

இரண்டு பேருக்கும் டிரா. எனக்கு ஐந்தரை, அவளுக்கு ஆறு. மாலை ஆறு மணிக்குக் கடைசிச் சுற்றின் பட்டியலை மண்டபத்துச் சுவரில் ஒட்டினார்கள். நாலாவது மேசை: வெள்ளைக் காய் ரெக்சலின், கறுப்புக் காய் வடிவு.

நான் ஜெயித்தால்தான் எனக்கு நார்ம். அவளுக்கு டிரா போதும். டிரா ஆனால் அவளுக்குப் பட்டம், எனக்கு வீடு.

புதுச்சேரியை மறந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அங்கேயும் கடைசிச் சுற்றில் நாங்கள்தான். எனக்கு நார்முக்கு டிரா போதும், அவளுக்கு அந்த ஆட்டத்தில் கிடைக்க எதுவுமே இல்லை. டிரா கேட்டேன். "ஆடுட்டி" என்றாள். ஆடினேன், ஒரு காயை விட்டேன், தோற்றேன். அன்றிலிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவதில்லை.

அறையில் அவள் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கிக் காலையில மிஷின் முழுசா ஒனக்கே. எனக்கு வேண்டாம்."

"எனக்குப் பிச்ச போடுதியா?"

"வேண்டான்னா வச்சிரு." பல் தேய்க்கப் போய்விட்டாள்.

மே 18, காலை பதினொன்றரை

ரெக்சி எட்டு மணிக்கே கிளம்பி மண்டபத்துப் பக்கம் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலில் முதல் பெயர்: "வடிவு".

என் பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதைத் திறக்க எனக்கு உரிமை உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன்.

என் ஆட்டங்கள் இருபத்தாறு. நான் எட்டு வருடமாகக் கறுப்பில் ஆடும் ஒரே தொடக்கம். அதில் பதினேழாவது நகர்வில் அவள் ஒரு குதிரையைப் பலி கொடுக்கப் போகிறாள். நான் வாங்கிக்கொள்வேன். நாலு நகர்வு கழித்து, இருபத்தொன்றில், யானையை ஒரே ஒரு கட்டம் பக்கவாட்டில் ஒதுக்குகிறாள். அது எதையும் தாக்கவில்லை, எதையும் மிரட்டவில்லை. ஒரு குதிரை நஷ்டத்தில் இருப்பவள் இப்படி ஒரு நகர்வை ஆடுவாளா? கீழே அவள் கைக்குறிப்பு. வரிக்கு வரி இங்கே எழுதிக்கொள்கிறேன்:

"மிஷின் ஒத்துக்கல, ஆழம் 20-ல கறுப்புக்கு ஒண்ணரை சாதகம்னு சொல்லுது. ஆனா அவ ராஜா நடுவுலயே மாட்டிக்கிடும், வெளிய வர வழி இல்ல. மூணு நாளா தாள்ல போட்டுப் பாத்துட்டேன். யானை நகர்ந்தா போதும். நாந்தான் சரி."

துண்டை நனைத்தேன், தட்டைக் கவிழ்த்தேன், பிளக்கில் போட்டேன், ஓட விட்டேன். ஐம்பது நிமிடம். ஆழம் 22. கறுப்புக்கு ஒன்று புள்ளி ஆறு சாதகம். இரண்டு முறை ஓட்டினேன். அதே எண். யானை நகர்வை என்ஜின் தன் முதல் ஐந்து யோசனைகளில்கூடச் சேர்க்கவில்லை.

எனக்கு ஜெயிக்க வேண்டும். அவள் தானாக வந்து ஒரு குதிரையைக் கையில் தரப் போகிறாள். பட்டியல் வருமுன்பே நாங்கள் மோதுவோம் என்று கணக்குப் போட்டு, மூன்று நாள் தாளைக் கிழித்து அவள் கண்டுபிடித்தது தன் தோல்வியை. எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.

ஒரு தொல்லை. கோப்பை மூடியபோது அந்த மென்பொருள் கேட்காமலேயே நான் போட்டுப் பார்த்ததை எல்லாம் அவள் கோப்புக்குள் சேமித்துவிட்டது. ஒவ்வொரு நகர்வின் பக்கத்திலும் இன்றைய நேரம். திருப்பி எடுக்கப் பார்த்தால் அது தொங்கி நிற்கிறது. வேறு வழியில்லை. கோப்பையே அழித்துவிட்டேன். ஆட்டம் முடிந்தபின் அவளுக்கு அது எதற்கு?

மே 18, மாலை ஏழு

தோற்றேன்.

அவள் குதிரையைப் பலி கொடுத்தாள். நான் உடனே வாங்கினேன். அடுத்த மூன்று பதிலையும் யோசிக்காமல் ஆடினேன், என் கடிகாரத்தில் இரண்டு நிமிடம்கூடக் குறையவில்லை. அங்கேதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். மறுபடி என்னை. நான் தண்ணீர் குடித்தேன்.

நாற்பது நிமிடம் யோசித்தாள். நடுவில் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய் வந்தாள். வயிறு. நான் என் மனசுக்குள், யானையை ஆடு, யானையை ஆடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடினாள்.

பத்து நகர்வில் எனக்குப் புரிந்தது. என் ராஜா நடுவில் மாட்டிக்கொண்டது. எந்தக் காயை எடுத்து எங்கே வைத்தாலும் அந்த யானை போட்ட வழியில்தான் வந்து நின்றது. கையில் ஒரு குதிரை அதிகமாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து மூன்றாவது நகர்வில் கை கொடுத்தேன். அவள் கை ஜில்லென்று இருந்தது. நல்ல ஆட்டம் என்று வழக்கமாகச் சொல்வதை இருவரும் சொல்லவில்லை.

நான் எழுந்து போவதற்குள் ஒரு சேலத்துக்காரர் வந்துவிட்டார். பூபதிராஜா. அவர் மாணவி அரைப் புள்ளியில் பரிசு இழந்தவள். கையில் தடித்த ஒரு லேப்டாப். தலைமை நடுவர் குருநாதன் சாரின் மேசையில் அதை விரித்தார்.

"பாருங்க சார். ஆழம் நாப்பத்தஞ்சு. அந்த யானை மூவ்தான் மொதல்ல வருது. அதுவும் ரொம்ப நேரம் ஓட்டுன பொறகு. மனுசி கண்ணுக்குப் படற மூவுங்களா இது? நாப்பது நிமிசம், ரெண்டு தடவ பாத்ரூம். எங்கியோ ஃபோன் வெச்சிருக்காங்க."

குருநாதன் சார் நிதானமானவர். ரெக்சியைக் கூப்பிட்டார். "சொல்லுங்கம்மா. வீட்லயே தயார் பண்ணிட்டு வந்ததுன்னா ஒண்ணும் தப்பில்லீங்க. காட்டிட்டீங்கன்னா முடிஞ்சுது."

"ரூம்ல போட்டுப் பாத்தது சார். அழிக்க மறந்துட்டேன், லேப்டாப்ல இருக்கும். 'வடிவு'ன்னு பேரு."

நாலு பேரும் லாட்ஜுக்கு நடந்தோம். நான் கடைசியில். அறையில் லேப்டாப்பை நடுவரே திறந்தார். பட்டியலில் பெயர் மட்டும் நின்றது. அழுத்தினால், கோப்பு இல்லை என்று வந்தது.

"நேத்து இருந்துச்சு சார்."

"தாள்ல எழுதி வெச்சிருப்பீங்களே?"

"கிழிச்சுப் போட்டுட்டேன் சார்." என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "ரூம்ல ஆளு இருக்காவல்லா."

பூபதிராஜா வெறுமனே தலையை ஆட்டினார். நடுவர் என்னைக் கேட்டார். "நீங்க கூடத் தங்கியிருக்கீங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

"நான் எதையும் பாக்கல சார்."

ரெக்சி அப்போதுதான் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. யோசிக்காமல் நாலு பதில் ஆடியவள் எதையும் பார்க்கவில்லையாம். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்லுவாள்? ஆதாரம் ஏது?

நாளைக் காலை ஒன்பதுக்கு முடிவு. ஆதாரம் வராவிட்டால் ஆட்டம் அவளுக்குத் தோல்வி, புள்ளி எனக்கு. ஆறரை. நார்ம், பட்டம், ஜூன் ஒன்று. அவள் பேர் செஸ் சங்கத்துக்குப் போகும். இரண்டு வருடம் எங்கேயும் ஆட முடியாது.

ஆதாரம் இந்த டைரியில்தான் இருக்கிறது, வரிக்கு வரி, என் கையெழுத்தில்.

மே 19, காலை ஏழு

அவள் அறையில் இல்லை. பையும் இல்லை.

பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். கிழித்த பக்கத்தை யார் நம்புவார்கள், நேற்று ராத்திரி எழுதியது என்பார்கள். கொடுத்தால் டைரி முழுதாகக் கொடுக்க வேண்டும். "பழசு" இதில் இருக்கிறது. ஆட்டுக் கண் இருக்கிறது. நான் சுவர் அதிரச் சிரித்தது இருக்கிறது.

அவளை எனக்குப் பிடிக்காது. இதை எழுதும்போதும் பிடிக்கவில்லை. அவள் இரண்டு வருடம் ஆடாமல் இருந்தால் தூத்துக்குடியில் எனக்கு நிம்மதி. யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரிந்தாலும் நிரூபிக்க முடியாது.

ஆனால் அந்த ஆள் "மனுசி கண்ணுக்குப் படற மூவா" என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. நேற்றிலிருந்து எரிகிறது. அந்த நகர்வு காந்தப் பலகையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மோர்சாதத்தில் கண்டுபிடித்தது. ஐம்பது நிமிடம் ஓட்டியும் எங்கள் மிஷினுக்குத் தெரியவில்லை. இருபது வருடம் ஆடும் எனக்கு, கண் முன்னால் எழுதி வைத்திருந்தும் தெரியவில்லை. எண்ணைப் பார்த்தேனே தவிரப் பலகையைப் பார்க்கவில்லை. நான் என் வாழ்நாளில் அப்படி ஒன்றை ஆடியதில்லை. இனி ஆடுவேனா என்றும் தெரியவில்லை. அதை ஒரு ஃபோன் ஆடியது என்று சேலத்துக்காரன் சொல்ல, நான் தலையாட்டி அந்தப் புள்ளியை வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம்.

எட்டரைக்குப் போகிறேன்.

மே 19, பஸ்

குருநாதன் சார் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். பூபதிராஜா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ஊரு சார், பேசி வெச்சு எழுதியிருப்பாங்க" என்றார்.

"இல்லீங்க," என்றார் நடுவர். "இந்தப் பாயிண்டு இவுங்களுக்கு வர வேண்டியது. தனக்குக் கெடைக்கறத விட்டுப்போட்டு, தன்னையே திருடின்னு யாருங்க எழுதுவாங்க?" முடிவு மாறவில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பற்றிச் சங்கத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போகும் என்றார். சரி என்றேன்.

முடிவு கேட்கப் பையோடு வந்து நின்றிருந்த ரெக்சி டைரியைக் கேட்டாள். எனக்குக் கொடுக்க மனமில்லை, ஆனாலும் கொடுத்தேன். காலி மண்டபத்தில், ஆட்கள் மேசைகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வேகமாகப் படிக்கவில்லை. மே பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் வெகு நேரம் இருந்தாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடிவிட்டுக் கேட்டாள். "எனக்கு ஆட்டுக் கண்ணா, ஏட்டி?"

"ஆமா."

"நீ சும்மா இருந்திருந்தா ஒனக்குக் கெடச்சிருக்கும்."

"தெரியும்."

"பின்ன ஏன் குடுத்த? பாவம்னு நெனச்சியோ?"

"ஒன்மேல எனக்கு என்ன பாவம். அது நல்ல மூவு. அவன் அத மிஷின் மூவுங்கான்."

டைரியை மேசைமேல் என் பக்கம் தள்ளினாள். எனக்கு நன்றி சொல்வாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

"'பழசு'ல எங்க ஐயா எழுதுனது இருந்துச்சு," என்றாள். அப்பாவை அவள் ஐயா என்றுதான் சொல்வாள். "நான் சின்னப் பிள்ளையில ஆடுனதெல்லாம் அவுக நோட்டுல எழுதி வச்சிருந்தாவ. அவுக போனதுக்கப்புறம் நோட்டு கறையான் அரிச்சுட்டு. நான் ஒவ்வொண்ணா டைப் அடிச்சு வச்சிருந்தேன். எறநூத்திச் சொச்சம் ஆட்டம்."

நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"பேசாத," என்றாள். எழுந்து போய் நடுவரிடம் நார்ம் தாளை வாங்கிப் பையில் வைத்தாள். அவள் மதுரை பஸ்ஸில் ஏறிப் போனாள். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

ஜூன் 1, தூத்துக்குடி

வேலையை விட்டுவிடலாமா என்று பத்து நாள் யோசித்தேன். நானாக விடப் போவதில்லை, அவளே வாயால் போ என்று சொல்லட்டும் என்று காலை ஒன்பதுக்குப் போனேன்.

தலைமைப் பயிற்சியாளர் அறையில் ரெக்சி இருந்தாள். புது மேசை, புதுப் பெயர்ப்பலகை. ஆறுமுகநயினார் சார் மாலை வாங்கிப் போட்டிருந்தார். அவள் அதைக் கழற்றி நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, வகுப்புப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்தும் எழுதுவதை நிறுத்தவில்லை.

"பெரிய பிள்ளைய பேட்ச் இனிமே நான் எடுத்துக்கிடுதேன்," என்றாள். "ஒனக்குக் காலையில ஆறு வயசுக்காரங்க. குதிரை எப்பிடிப் போவும்னு சொல்லிக் குடு."

ஆறு வருடமாக என் பிள்ளைகள் அவர்கள். மாநில அணியில் மூன்று பேர் இருக்கிறார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னொண்ணும் உண்டு," என்றாள், இன்னும் நிமிராமல். "சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சு, இந்த ரூம்ல. எங்க ஐயா எழுதி வச்ச ஆட்டம் எனக்கு எத்தன ஞாபகம் இருக்கோ அத்தனையும் நான் சொல்லுவேன். நீ எழுதணும். கையால. எறநூத்திச் சொச்சமும் வார வரைக்கும்."

"ஒனக்கு ஞாபகம் வராததுக்கு?"

பேனாவைக் கீழே வைத்தாள்.

"வாரதுவரைக்கும் இங்கயே உக்காந்திரு," என்றாள்.

மாலை நாலு மணிக்குப் போனேன். ஐந்து மணிக்குள் ஒன்றரை ஆட்டம்தான் வந்தது. இரண்டாவதில் பதினான்காம் நகர்வு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நான் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.